பேஸும் வேண்டும், பேட்டரியும் பிழைக்க வேண்டும்

சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபரைப் பற்றிச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். முதல் பதில் நீளமானது. மற்ற வாசகர்களும் அதைப் படித்துவிட்டே தங்கள் பதிலுக்கு வாருங்கள். பாதிக் கோளாறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 2012 மைவி கார் இருக்கிறது. பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு பிளேயர் போட்டாயிற்று. இப்போது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் 8 அங்குல சப்வூஃபர் ஒன்று வாங்கியிருக்கிறேன். பெட்டியில் 600 வாட் என்று போட்டிருக்கிறது. கூடவே ஒரு வயர் செட்டும் வந்தது. ஈப்போவில் மாட்டக் கூலி அதிகம் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நானே மாட்டிவிட முடியுமா? எந்த வயர், எந்தப் பக்கமாக இழுப்பது?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும். ஸ்பானரும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்தால் நாலைந்து மணி நேர வேலை. அவசரப்படாமல் செய்தால் கடையில் செய்வதைவிடச் சுத்தமாகவே செய்யலாம்.

முதலில் அந்த 600-ஐ மறந்துவிடுங்கள். சப்வூஃபரின் பக்கவாட்டில் செருகியிருக்கும் பியூஸைப் பாருங்கள். இந்த அளவுப் பெட்டிகளில் பெரும்பாலும் நீல நிற 15 ஆம்பியர் பியூஸ்தான் இருக்கும். கார் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும் 15 பெருக்கல் 14, மொத்தம் 210 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதில் ஒரு பங்கு சூடாகக் கழிந்து, ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது 100 முதல் 150 வாட். மைவி அளவுக் காருக்கு அது தாராளம். நீங்கள் வயர் வாங்க வேண்டியதும் இந்த 15 ஆம்பியருக்குத்தான், பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கு அல்ல.

அடுத்து, செட்டோடு வந்த சிவப்பு வயரின் நுனியைச் சீவி, ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் சுரண்டினால் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரர்கள் சிசிஏ என்பார்கள். அதே தடிமனுள்ள செம்பைவிட அதற்கு மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல். போதாததற்கு உறை தடிப்பாகவும் உள்ளே கம்பி மெலிவாகவும் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு 4 மீட்டர் இழுத்து 15 ஆம்பியர் ஓடினால் வழியில் 0.2 வோல்ட்கூடக் குறையாது. செட்டில் வரும் 1.5 சதுர மில்லிமீட்டர் சிசிஏ என்றால் 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். மேளம் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் அந்த 1 வோல்ட் குறையும்போது ஆம்ப்ளிஃபையர் மூச்சுத் திணறும். பேஸ் 'தம்' என்று விழாமல் 'பொத்' என்று விழுவதற்கு ஸ்பீக்கர் காரணம் என்று நினைத்துவிடுவோம். வயர்தான் காரணமாக இருக்கும்.

ஆகவே 6 சதுர மில்லிமீட்டர் சிவப்பு வயர் 5 மீட்டர், அதே தடிமனில் கறுப்பு 1 மீட்டர் வாங்குங்கள். கார் வயராகக் கேளுங்கள். ஹார்ட்வேர் கடையில் வீட்டு வயரிங்குக்கு விற்பதும் செம்புதான், ஆனால் அதில் ஏழே ஏழு தடித்த கம்பிகள் இருக்கும். ஓடும் காரின் அதிர்வில், லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக இணைப்பு) மாட்டிய இடத்தில் அவை ஒவ்வொன்றாக ஒடியும். கார் வயரில் தலைமயிர் போன்ற நுண்கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், வளைந்து கொடுக்கும். பிளேயரைப் போட்டதும் சப்வூஃபரை எழுப்பும் ரிமோட் லைனுக்கு மெல்லிய நீல வயர் 3 மீட்டர் போதும். மூடி போட்ட பியூஸ் ஹோல்டர் ஒன்று, மஞ்சள் நிற 20 ஆம்பியர் பியூஸ் இரண்டு, பேட்டரி கிளாம்ப் போல்ட்டுக்குப் பொருந்தும் வளைய லக், எர்த்துக்கு, அதாவது கறுப்பு வயரைக் காரின் இரும்பில் பூட்ட, 6 மில்லிமீட்டர் துளையுள்ள வளைய லக், பல் வாஷர், பிளேயரிலிருந்து சப்வூஃபருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் 5 மீட்டர், நெளிவுக் குழாய் 2 மீட்டர், சூடு காட்டினால் சுருங்கும் குழாய், சிலிக்கான், துணி டேப், கேபிள் டை. இவ்வளவுதான் சாமான்.

வேலையைத் தொடங்குமுன் சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள். நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் தவறிப்போய் காரின் இரும்பில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. பிறகு சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் சாக்கெட்டோ மஞ்சள் உறை போட்ட வயரோ இருந்தால் அது ஏர்பேக் லைன். அதை இழுக்கவும் கழற்றவும் மீட்டர் வைத்துச் சோதிக்கவும் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் சில நிமிடம் விட்டே அந்தப் பக்கம் கை வையுங்கள். ஏர்பேக் பெட்டியில் சேமித்த மின்சாரம் வடிய நேரம் ஆகும்.

சிவப்பு வயரைப் பேட்டரியிலிருந்து இழுங்கள். பியூஸ் ஹோல்டர் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். 'சப்வூஃபரிலேயே பியூஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?' என்று நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். பேட்டரி பக்கத்து பியூஸ் சப்வூஃபரைக் காப்பதற்கல்ல, வயரைக் காப்பதற்கு. இன்ஜின் பின்சுவரில் உரசி உறை கிழிந்து வயர் இரும்பைத் தொட்டால், சின்ன கார் பேட்டரிகூட ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் பழுக்கக் காய்ந்து கார்ப்பெட் பற்றிக்கொள்ளும்வரை, அந்தக் கோடியில் இருக்கும் 15 ஆம்பியர் பியூஸுக்கு எதுவுமே தெரியாது. மின்சாரம் அதுவரை போய்ச் சேருவதே இல்லையே.

லக் மாட்டுவதில் பொறுமை வேண்டும். உறையை 1 சென்டிமீட்டர் மட்டும் சீவுங்கள், ஒரு நுண்கம்பியும் அறுபடக் கூடாது. சுருங்கும் குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள், பிறகு நுழையாது. கம்பிகளை இலேசாக முறுக்கி லக்கின் குழலுக்குள் செலுத்தினால் மறுமுனையில் செம்பு எட்டிப் பார்க்க வேண்டும். கிரிம்பிங் பிளையரால் இரண்டு இடத்தில் அழுத்துங்கள். சாதாரண குறட்டாலோ சுத்தியலாலோ நசுக்கினால் வெளியே சப்பையாகும், உள்ளே பிடிக்காது. முடித்ததும் லக்கை ஒரு கையிலும் வயரை மறு கையிலும் பிடித்து முழுப் பலத்தோடு இழுங்கள். கழன்று வருவதானால் இப்போதே வரட்டும்.

இன்ஜின் பின்சுவரில் புதுத் துளை போடாதீர்கள். அதற்குப் பின்னால் ஏர்கான் காயிலோ பிரேக் பைப்போ இருக்கலாம். காரின் சொந்த வயர்க் கட்டு உள்ளே நுழையும் இடத்தில் பெரிய ரப்பர் வளையம் இருக்கும். அதன் ஓரத்தில் சின்னதாகக் கீறி, நுனியை வளைத்து டேப் சுற்றிய துணி ஹேங்கர் கம்பியை நுழையுங்கள். வயரை அதில் கட்டி இழுத்தால் வந்துவிடும். நுழையும் இடத்துக்கு முன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது. கீறலைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஸ்டியரிங் தண்டும் மிதிகளும் அசையும் வழியில் வயர் தொங்காமல் கட்டுவது உயிர்க் காரியம்.

அங்கிருந்து கதவுப் படியின் பிளாஸ்டிக் மூடியைக் கிளப்பி அதற்கடியில் வயரைப் படுக்கவிட்டு, கார்ப்பெட்டுக்குக் கீழாகச் சீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஆர்சிஏ கேபிளை இதன் கூடவே கட்டாதீர்கள், இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே உள்ள மேட்டு வழியாகத் தனியே இழுங்கள். இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறிபோல் குறுக்கிடட்டும்.

இனி எர்த். மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக கவனம் வேண்டும். சிவப்பு வயரில் போகும் ஒவ்வொரு ஆம்பியரும் கறுப்பு வயர் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். கறுப்பு வயர் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். கதவுப் படி ஓரத்திலோ கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டுப் பலகையிலோ கம்பெனியே எர்த் கொடுத்திருக்கும் போல்ட் இருந்தால் அதுவே நல்லது. சீட் தண்டவாளத்தில் கொடுக்காதீர்கள், பெயிண்டும் கிரீஸும் நடுவில் நிற்கும். சீட் பெல்ட் போல்ட்டில் லக்கைச் செருகவே கூடாது. விபத்தில் ஒரு ஆளின் எடையைத் தாங்க வேண்டிய போல்ட் அது, நடுவில் ஒரு மெல்லிய தகடு புகுந்தால் இறுக்கம் மாறிவிடும். தேர்ந்தெடுத்த இடத்தில் 20 சென் நாணயம் அளவுக்கு உப்புத்தாள் தேய்த்து இரும்பு பளபளக்க வையுங்கள். லக்குக்கு அடியில் பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே பெயிண்டோ கிரீஸோ தடவுங்கள், துரு வராது. வரிசை மாறினால் பயனில்லை. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கறுப்பு வயரின் நுனிக்கும் கழற்றிவைத்த நெகட்டிவ் கிளாம்புக்கும் இடையே பாருங்கள். மீட்டரின் சொந்த வயர் தடையைக் கழித்தால் 0.5 ஓமுக்குள், நியாயமாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

ரிமோட் வயரை பிளேயரின் 'ஆம்ப் கான்' என்று சீட்டு ஒட்டிய நீல வயரில் கொடுங்கள். ஏரியல் வயரும் நீலமாகவே இருக்கும், ஏமாந்துவிட வேண்டாம். சில பிளேயர்களில் ஏரியல் வயருக்கு ரேடியோ பாடும்போது மட்டுமே மின்சாரம் வரும். அதில் கொடுத்தால் ரேடியோவில் பேஸ் கேட்கும், புளூடூத்துக்கு மாறியதும் சப்வூஃபர் அணைந்துவிடும். பிளேயரில் சப்வூஃபருக்கான ஆர்சிஏ துளை (சப் அவுட்) ஒன்றே ஒன்று இருந்தால் ஒய் வடிவப் பிரிப்பான் போட்டு சப்வூஃபரின் இடம், வலம் இரண்டு துளைக்கும் கொடுங்கள்.

பெட்டியைத் தரையில் திருகாணியால் அடிக்காதீர்கள். தகட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் ஓடும். ஒட்டுப்பட்டையோ, ஏற்கெனவே உள்ள துளைகளில் கட்டும் பட்டையோ போதும். சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை தள்ளி, எடையுள்ள ஒருவரை உட்கார வைத்து, எங்கும் முட்டவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

சப்வூஃபரில் முதலில் எர்த், பிறகு ரிமோட்டும் ஆர்சிஏயும், பிறகு சிவப்பு. அதன்பின் பேட்டரி நெகட்டிவ், கடைசியாக 20 ஆம்பியர் பியூஸ். இன்ஜினை ஓடவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைத்து, வோல்ட்டில் வைத்த மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை நீள வயர் சேர்த்து சப்வூஃபரின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். அதேபோல் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்து இணைப்பில் கோளாறு.

கேள்வி: சப்வூஃபர் மாட்டியதிலிருந்து 'வீங்ங்' என்று ஒரு விசில். எண்ணெய் மிதித்தால் விசிலும் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. கடையில் சப்வூஃபர் கெட்டது என்கிறார்கள். மாற்ற வேண்டுமா?
வாசகர், தோட்டப்பகுதி, சுங்கை சிப்புட்

பதில்: மாற்ற வேண்டாம். விசில் எங்கிருந்து கேட்கிறது என்று காதை வைத்துப் பாருங்கள். கதவு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். இன்ஜின் மெதுவாக ஓடும்போதே, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் 1000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். சப்வூஃபரோ 150 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பாடாது. ஆகவே விசிலைப் பாடுவது பிளேயரும் கதவு ஸ்பீக்கரும். அதற்கு வழி திறந்துவிட்டது புதிதாகப் போட்ட ஆர்சிஏ கேபிள்.

நடப்பது இதுதான். சப்வூஃபர் ஓரிடத்தில் எர்த், பிளேயர் வேறிடத்தில் எர்த். காரின் இரும்பு ஒரே துண்டானாலும் இரண்டு இடத்துக்கும் நடுவே நூலளவு வோல்ட் வித்தியாசம் உண்டு. ஆர்சிஏ கேபிளின் வெளிவளையமும் எர்த் என்பதால் அந்த வித்தியாசம் கேபிள் வழியே ஓடத் தொடங்கும். ஆல்டர்னேட்டரின் அலை அதில் ஏறி பிளேயருக்குள் போகிறது.

இன்ஜின் ஓட, பிளேயரை அணைத்து, சப்வூஃபர் பக்கத்து ஆர்சிஏயைப் பிடுங்கி, மறுபடி பிளேயரைப் போடுங்கள். விசில் நின்றால் நாம் சொன்னதேதான். எர்த்தைக் கழற்றி மறுபடி சுரண்டி இறுக்குங்கள். பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பிளேயரின் இரும்புக் கூட்டிலிருந்து ஒரு வயரை சப்வூஃபரின் எர்த் போல்ட்டுக்கே தற்காலிகமாகக் கொடுத்துப் பாருங்கள். விசில் அடங்கினால் அந்த வயரையே நிரந்தரமாக்குங்கள்.

அப்போதும் தீரவில்லை என்றால் பிளேயரைக் கழற்றி, ஆர்சிஏ துளையின் வெளிவளையத்துக்கும் பிளேயரின் கூட்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி வராமல் பெரிய எண்ணோ திறந்த நிலையோ காட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய எர்த் கோடு கருகியிருக்கிறது. சப்வூஃபரின் எர்த் எப்போதோ கழன்று, அத்தனை மின்சாரமும் ஆர்சிஏயின் வளையம் வழியே திரும்ப முயன்றிருக்கிறது. முதல் பதிலில் 'முதலில் எர்த்' என்று சொன்னது இதற்காகத்தான். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர் அந்தக் கோட்டை மறுபடி இணைத்துக் கொடுப்பார்.

சின்ன விலையில் கிடைக்கும் ஆர்சிஏ தனிப்பிரிப்பான் டப்பாவை எங்களிடம் கேட்காதீர்கள். விசிலை நிறுத்தும், உண்மைதான். ஆனால் அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அடி பேஸைத் தின்றுவிடும். சப்வூஃபர் வாங்கியதே அதற்காகத்தானே. இன்னொன்று, சிகரெட் லைட்டரில் செருகிய மலிவு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சில சமயம் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

கேள்வி: என்னுடையது பழைய சாகா கார், கம்பெனி ரேடியோ. ஆர்சிஏ துளை கிடையாது. மச்சான் ஸ்பீக்கர் வயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நெகட்டிவ் எல்லாம் ஒன்றுதானே என்று இரண்டு ஸ்பீக்கர் நெகட்டிவையும் சேர்த்து பாடியில் கொடுத்துவிட்டார். ரேடியோ எரிகிறது, சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. போய்விட்டதா?
வாசகர், கோலா கங்சார் சாலை

பதில்: உங்கள் மச்சான் நினைத்தது இயல்பான நினைப்பு. ஆனால் கார் ரேடியோவின் ஸ்பீக்கர் லைனில் நெகட்டிவ் என்று பெயர் இருந்தாலும் அது எர்த் இல்லை. இரண்டு வயருக்கும் ரேடியோவே சிக்னல் தள்ளுகிறது, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஓடும் ரேடியோவில் எந்த ஸ்பீக்கர் வயரையும் பாடிக்கு எதிராக அளந்தால் 6 வோல்ட் அளவில் காட்டும். அதைப் பாடியில் சேர்ப்பது அந்த 6 வோல்ட்டை ஷார்ட் செய்வதுதான்.

முதலில் அந்த இணைப்பைப் பிரித்துவிடுங்கள். பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டிப் பாருங்கள். ரேடியோவுக்குள் ஒலியைப் பெருக்கும் பவர் ஐசி நல்லதானால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு பிழைத்திருக்கும், சத்தம் திரும்பும். திரும்பாவிட்டால் பவர் ஐசி போயிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம், ரேடியோவைத் தூக்கிப் போட அவசியமில்லை.

சரியான முறையில் நான்கு வயரும் நான்காகவே போக வேண்டும். ஸ்பீக்கர் வயரை வாங்கும் சப்வூஃபரின் ஹை லெவல் சாக்கெட்டில் வெள்ளை இடது பாசிட்டிவ், கறுப்புக் கோடு போட்ட வெள்ளை இடது நெகட்டிவ். சாம்பல் வலது பாசிட்டிவ், கறுப்புக் கோடு போட்ட சாம்பல் வலது நெகட்டிவ். உங்கள் பெட்டியின் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். காரின் பக்கம் எது எந்த வயர் என்று நிறத்தை நம்பாதீர்கள், முன்பு வைத்திருந்தவர் என்ன மாற்றினாரோ தெரியாது. ரேடியோ சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு ஜோடி வயரில் நொடிப்பொழுது தொடுங்கள். எந்தக் கதவு 'டப்' என்கிறதோ அது அந்த ஸ்பீக்கர். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட வயர்தான் பாசிட்டிவ். சாக்கெட் ரேடியோவில் செருகியிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

பல பெட்டிகள் அந்த 6 வோல்ட்டைப் பார்த்துத் தாமாகவே விழித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதானால் ரிமோட் வயரே வேண்டாம். இணைப்புகளைக் கையால் முறுக்கி டேப் ஒட்டாதீர்கள். இந்த ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து சில மாதத்தில் கழன்றுவிடும். ஈயம் வைத்துச் சுருங்கும் குழாய் போடுங்கள்.

கேள்வி: வார நாளில் மோட்டாரில்தான் வேலைக்குப் போவேன். காடி சனிக்கிழமைதான் வெளியே வரும். சப்வூஃபர் போட்ட பிறகு சனிக்கிழமை ஸ்டார்ட் ஆவதே இல்லை. பேட்டரி புதிது.
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ரிமோட் வயர் நேராக 12 வோல்ட்டில் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். சாவியை எடுத்த பிறகும் சப்வூஃபரில் சின்ன விளக்கு எரிகிறதா, இருட்டில் பாருங்கள். பாட்டே இல்லாவிட்டாலும் விழித்திருக்கும் ஆம்ப்ளிஃபையர் 0.8 ஆம்பியர் அளவில் குடிக்கும். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி. 40 மணி நேரத்தில் 32 போய்விடும். திங்கள் காலை நிறுத்தினால் புதன் காலைக்குள் பேட்டரி காலி.

நீல வயரை பிளேயரின் ஆம்ப் கானுக்கு மாற்றுங்கள். அது இல்லாவிட்டால் பியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஏசிசி துளையில், 2 ஆம்பியர் பியூஸ் வைத்த பியூஸ் டேப் மூலம் எடுங்கள். மாற்றியபின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து நடுவில் இணையுங்கள். கதவையெல்லாம் சாத்திச் சில நிமிடம் விட்டால் 0.05 ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவி போட்டு ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் போய்விடும். இப்படி இரண்டு மூன்று முறை அடிமட்டம் பார்த்த பேட்டரி பழைய பலத்துக்குத் திரும்பாது. கடையில் கொடுத்து மெதுவாக முழு சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சப்வூஃபரின் 15 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 30 போடலாமா?
வாசகர், தோட்டப்பகுதி

பதில்: கூடாது. இன்ஜின் அணைந்திருக்கும்போது சத்தமாக வைத்தால் போகிறதா, பேஸ் பூஸ்ட் முழுக்கத் திருப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அவற்றைக் குறையுங்கள். இரண்டும் இல்லாமல் செருகிய உடனேயே போகிறதென்றால் உள்ளே ஷார்ட். 30 போட்டால் பியூஸ் தப்பிக்கும், போர்டு எரியும்.

கேள்வி: உறுமி மேளம் போட்டால் நெஞ்சில் இடிக்கிறது, சுகமாக இருக்கிறது. அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு போட்டால் குடத்துக்குள் பாடுவதுபோல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே செட்டிங் கிடையாதா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு. உங்கள் பெட்டியில் எல்பிஎஃப் குமிழ், அதாவது எத்தனை ஹெர்ட்ஸ்வரை பெட்டி பாட வேண்டும் என்று வெட்டும் குமிழ், 120, 150 பக்கம் நிற்கிறது என்று நினைக்கிறோம். அந்த உயரத்தில் பாடகரின் குரலின் அடிப்பகுதியையும் தபேலா ஜோடியில் இடது மேளத்தையும் சீட்டுக்கடியில் இருக்கும் பெட்டி பாட ஆரம்பித்துவிடும். அதுதான் குடத்துச் சத்தம்.

பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். பிளேயரில் ஈக்வலைசரை மட்டமாக வையுங்கள். எல்பிஎஃப் 80. சப்வூஃபரின் சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் முழுக்கக் குறைவு. பிளேயரில் கதவு ஸ்பீக்கர்களுக்கு அடி பேஸை வெட்டும் ஹை பாஸ் வசதி இருந்தால் அதையும் 80-இல் வையுங்கள், சின்ன ஸ்பீக்கர்கள் பேஸுக்காக முக்கி முனகுவது நின்று குரல் தெளியும். இப்போது அப்பாவின் பாட்டையே போடுங்கள், உறுமியை அல்ல. வால்யூமை முக்கால் அளவில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். பேஸ் கித்தார் டாஷ்போர்டிலிருந்து கேட்பதுபோல் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். சீட்டுக்கடியிலிருந்து கேட்கத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள்.

பிறகு ஃபேஸ் சுவிட்ச். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, இன்னொருவரை 0-க்கும் 180-க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் பேஸ் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. மற்ற நிலையில் கதவு ஸ்பீக்கர் தள்ளும்போது சப்வூஃபர் இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. கெயினை ஏற்றி ஏற்றிப் பார்த்தும் பேஸ் வரவில்லை என்பவர்களில் பலருக்கு இந்த ஒரு சுவிட்ச்தான் விஷயம்.

உறுமி இந்த செட்டிங்கிலும் இடிக்கும். இன்னும் வேண்டும் என்றால் கூடவே வரும் சின்ன ரிமோட் குமிழை டாஷ்போர்டில் ஒட்டிவைத்து அப்போது மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். 8 அங்குலத் தட்டைப் பெட்டி 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் இறங்காது. பேஸ் கித்தாரின் அடிக்கம்பியே 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பாட்டுக்கு அது குறையே இல்லை.

கேள்வி: இடது பக்கச் சீட்டுக்கு அடியில் வைக்கலாமா? அங்கே கார்ப்பெட் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது.
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஈரம் தீரும்வரை வேண்டாம். மழை இல்லாத நாளிலும் ஈரம் என்றால் ஏர்கான் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. நம் ஊர்க் கார்களில் ஏர்கான் பெட்டி பெரும்பாலும் இடது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் தண்ணீர் அந்தப் பக்கக் கார்ப்பெட்டில்தான் இறங்கும். செம்மண் தூசியும் காய்ந்த இலைத்தூளும் சேர்ந்து அடைக்கும். காருக்கு அடியிலிருந்து குழாயின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு ஊதினால் தண்ணீர் கொட்டும். கார்ப்பெட்டைத் தூக்கி அடிப்பஞ்சு முழுக்கக் காயும்வரை விடுங்கள், மேலே காய்ந்தது போதாது.

அதன்பின் பெட்டியை நேராகக் கார்ப்பெட்டில் வைக்காமல் ஒரு விரல் உயரத்துக்கு ரப்பர் கட்டை கொடுத்து வையுங்கள். சூடும் வெளியேறும். கார் கழுவக் கொடுக்கும்போது உள்ளே தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். செம்பனைக்குப் பக்கத்தில் நிறுத்துபவரானால் இன்ஜின் பக்கத்து வயர் முழுவதையும் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, அதன் இரண்டு வாயையும் துணி டேப்பால் சுற்றிவிடுங்கள். எலி உறையைக் கடித்தால் அடுத்த மழைக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். மாதம் ஒரு முறை பொனெட் திறக்கும்போது அந்தச் சிவப்பு வயரையும் கையால் தடவிப் பாருங்கள்.